தெரியும் என்னும் திரை

குழந்தையின் நோயைக் குழந்தை சொல்வதில்லை. பெரியவர் ஒருவர் நோயுற்றால், இன்ன இடத்தில் வலிக்கிறது, இத்தனை நாளாக வலிக்கிறது என்று அவரே மருத்துவரிடம் கூறிவிடுவார். மழலைக்கோ அழுகை ஒன்றே மொழி. ஆகவே குழந்தை மருத்துவர் எதிரே எப்போதும் இருவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் நோயுற்ற பிள்ளை. மற்றவர் அந்நோயைத் தம் சொற்களால் எடுத்துரைக்கும் தாயோ தந்தையோ பாட்டியோ ஆவார். மருத்துவர் கூறுவதைக் கேட்டு, வீட்டில் மருந்தை அளந்து ஊட்டுபவரும் அவரே.

இவ்விருவருக்கும் இடையே மொழி வேறு, நாடு வேறு, நோயைப் பற்றிய நம்பிக்கை வேறு என்றால் என்ன ஆகும்? நற்கல்வியும் நல்லெண்ணமும் உடைய ஒருவர் முறைப்படி செய்த செயல், எதிரில் இருந்தவரை அறியாமையால் தீங்காய் முடிந்தால், அதற்கு அவர் பொறுப்பாவாரா? அறியாமை குற்றமாகுமா? குற்றமாயின், அதைப் பயிற்சியால் நீக்க இயலுமா? இவ்வினாக்களை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

சரியாகச் சொன்ன மருத்துவர்

நம் உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தி அமெரிக்க நாட்டில் குழந்தைநல மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி பெற்று வருகிறாள். அங்கே இப்பயிற்சி மூன்றாண்டுக் காலம் நடைபெறுகிறது. மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே, மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் துறையறிவு பெறுகின்றனர். அவர்களுடைய நேரத்தின் பெரும்பகுதி உள்நோயாளிப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கழியும். ஆயினும் மூன்றாண்டும் வாரத்தில் ஏறத்தாழ அரை நாள் வெளிநோயாளர் பிரிவில் அமர்ந்து, தமக்கென ஒதுக்கப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து வர வேண்டும். பிறந்த சில நாளில் வந்த பிள்ளை தவழ்ந்து, நடந்து, பேசத் தொடங்குவதை ஒரே மருத்துவர் காணும்படி இம்முறை அமைக்கப்பட்டுள்ளது. இதனை முதல்நிலை மருத்துவம் என்பர். தடுப்பூசி, எடை, உறக்கம், உணவு, பால் மறக்கச் செய்தல், பேச்சு வளர்ச்சி, தாயின் கவலை ஆகியவையே இங்கே பாடங்கள். இயந்திரங்களுக்கு இங்கே வேலை குறைவு. பேச்சுக்கே வேலை மிகுதி.

சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது அப்பெண் தன் முதலாண்டில் நடந்த ஒன்றைக் கூறினாள். ஒன்றரை வயதைக் கடந்த ஒரு குழந்தைக்கு இரத்தச் சோகை. அக்குழந்தை நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேலாகப் பசும்பால் குடித்து வந்தது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றை அது நிறைத்துவிடுவதால் பிற உணவுக்கு இடமிராது. மிகுதியாகப் பருகினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் அது தடுக்கும். ஆகவே பாலைப் பாதியாகக் குறைக்கவும், இரும்புச்சத்து மருந்தை நாள்தோறும் கொடுக்கவும் அவள் அறிவுறுத்தினாள். வேற்று நாட்டிலிருந்து ஏதிலியாக வந்து குடியேறிய அத்தாய் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். மூன்று மாதம் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோது நிலைமை சற்றும் மாறவில்லை. மீண்டும் அதே அறிவுரை. மீண்டும் அதே தலையசைப்பு.

“பாட்டி, நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அந்த அம்மாவும் ஒரு சொல்லைக்கூட மறுக்கவில்லை. பிறகு ஏன் இப்படி?” என்று அவள் கேட்டபோது, அந்நாளைய கலக்கம் அவள் முகத்தில் இன்னும் இருந்தது.

அவளுடைய மேற்பார்வை மருத்துவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்து, “உங்கள் வீட்டில் பால் என்றால் என்ன?” என்னும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு வருமாறு அனுப்பினார். அத்தாய் நெடுநேரம் பேசினாள். ஏதிலியர் முகாமில் மூத்த பிள்ளையை வளர்த்த காலத்தில் பால் கிடைக்காத நாள்கள் பல. இந்தப் பிள்ளை கேட்கும்போது பால் இல்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று அவள் தனக்குத்தானே உறுதி எடுத்திருந்தாள். பாலைக் குறை என்ற மருத்துவரின் சொல், பிள்ளையைப் பட்டினி போடு என்பதாகவே அவள் செவியில் விழுந்திருக்கிறது. பெரிய படிப்புப் படித்தவரை எதிர்த்துப் பேசுதல் முறையன்று என்பதால் தலையசைத்திருக்கிறாள்.

இதைக் கேட்டபோது நமக்கு வேறொரு தலையசைப்பு நினைவுக்கு வந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவியர் வகுப்பெடுக்கும்போது பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பது பல ஆண்டுகள் நம் பணியாய் இருந்தது. பாடக்குறிப்பு பிழையின்றி இருக்கும்; துணைக்கருவிகள் அழகாய் இருக்கும். பாடத்தின் முடிவில், “எல்லாருக்கும் புரிந்ததா?” என்பாள் பயிற்சி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில், “புரிந்தது, டீச்சர்!” என்பார்கள். அவள் மனநிறைவோடு கரும்பலகையைத் துடைப்பாள். புரிந்ததா என்பது கேள்வியாக ஒலித்தாலும் அதற்கு ஒரே விடைதான் உண்டு என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். மதிப்புக்குரியவர் முன்னிலையில் இல்லை என்று சொல்ல எவருக்கும் எளிதில் வாய் வராது.

மெர்செட் நகரத்துக் குழந்தை

அமெரிக்காவில் குழந்தை மருத்துவம் பயில்வோர் பலருக்கு இப்பொருளில் முதலில் சொல்லப்படும் வரலாறு ஒன்று உண்டு. லாவோஸ் நாட்டு மலைப்பகுதிகளில் வாழ்ந்த மோங் இனத்தவருள் பலர், அந்நாட்டுப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்றவர்கள். 1975-இல் ஆட்சி மாறியபின் அவர்கள் தாய்லாந்து முகாம்களுக்குத் தப்பிச் சென்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறினர். கலிஃபோர்னியாவின் மெர்செட் நகரில் குடியேறிய அத்தகைய குடும்பம் ஒன்றில் 1982-ஆம் ஆண்டு லியா லீ என்னும் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆனபோது, அவளுடைய அக்காள் வீட்டுக் கதவை ஓசைபடச் சாத்தினாள். அக்கணமே குழந்தையின் கண்கள் மேலே செருக, உடல் வெட்டி இழுத்தது. கதவின் ஓசையில் அஞ்சிக் குழந்தையின் உயிர் உடலை விட்டு ஓடிற்று என்று பெற்றோர் கருதினர். ஆவி பற்ற விழுதல் என்பதே அவர்கள் மொழியில் அந்நோயின் பெயர். அது அஞ்சத்தக்க நோய் என்பதை அவர்கள் அறிவர். ஆயினும் அந்நோயுடையோருள் சிலர் பின்னாளில் ஆவிகளோடு பேசிப் பிறர் நோய் தீர்க்கும் மருளாளர் ஆவர் என்பதால், அதில் சிறிது பெருமையும் அவர்களுக்கு இருந்தது.

முதல் இருமுறை குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது வலிப்பு நின்றுபோயிருந்தது. நடந்ததைச் சொல்லப் பெற்றோருக்கு ஆங்கிலம் வராது; மொழிபெயர்க்கவும் ஆள் இல்லை. குழந்தையிடம் இருமல் மட்டுமே தென்பட்டதால், நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டனர். மூன்றாம் முறை 1983 மார்ச்சில் வலிப்பு நீடிக்கும்போதே வந்து சேர்ந்தனர். அன்று பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் அதனை நேரில் கண்ட பின்னரே நோய் இன்னதென்று அறியப்பட்டது. அந்த வாசலிலேயே ஐந்து மாதங்கள் கழிந்திருந்தன.

அதன்பின் லியாவுக்கு நான்கரை வயது ஆவதற்குள் 17 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். வெளிநோயாளராக 100 முறைக்கு மேல் வந்தாள். நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் அவளுக்கு எழுதிய மருந்துமுறை 23 தடவை மாற்றப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், இந்தப் புட்டியில் பாதி, அந்த மாத்திரையில் கால் என்று வேளைக்கு வேளை மாறும் கணக்கைக் கைக்கொள்ள வேண்டியிருந்தது. சில மருந்துகளால் பிள்ளையின் நடத்தை கெடுவதைக் கண்டு சிலவற்றை நிறுத்தினர், சிலவற்றைக் குறைத்தனர். மருந்து முறையாகக் கொடுக்கப்படவில்லை என்று மருத்துவர் புகார் அளிக்க, 1985-இல் அரசு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் வைத்தது. 1986-இல் அவள் வீடு திரும்பினாள். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பெருவலிப்பு வந்தது. இரத்தத்தில் கிருமி பரவிய பெருநோயும் உடன் சேர்ந்தது. மூளை பெரிதும் அழிந்தது. சில நாளில் இறந்துவிடுவாள் என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பினர். பெற்றோரும் உடன்பிறந்தோரும் குளிப்பாட்டி, உணவு செலுத்தி, மடியில் தாங்கி, அவளை மேலும் 26 ஆண்டுகள் காத்தனர். 2012 ஆகஸ்டில், 30-ஆம் வயதில் லியா மறைந்தாள்.

இவ்வரலாற்றை ஆன் ஃபாடிமன் என்னும் எழுத்தாளர் 1997-இல் நூலாக எழுதினார். அதைப் படிப்போர் வில்லனைத் தேடினால் ஏமாந்து போவர். பெற்றோரின் அன்பில் குறையில்லை. சிகிச்சையளித்த நீல் எர்ன்ஸ்ட், பெக்கி ஃபில்ப் என்னும் மருத்துவத் தம்பதியர் வசதி குறைந்த பொது மருத்துவமனையில் இரவு பகல் பாராது உழைத்தவர்கள். இரு பக்கமும் நல்லவர்களே இருந்தும் ஒரு பிள்ளை இடையில் சிக்கிக்கொண்டது. நம் கேள்வியின் கடுமை இங்கேதான் இருக்கிறது.

சமன் எது, தகவு எது?

சிக்கலான மருந்துமுறையைப் பெற்றோரால் பின்பற்ற இயலவில்லை என்று தெரிந்தபின், எளிய ஒன்றை முன்பே கொடுத்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். அம்மருத்துவர் அதை எண்ணாமல் இல்லை. அமெரிக்கக் குழந்தைக்கு உயர்ந்த சிகிச்சை, மோங் குழந்தைக்கு அதனிற் குறைந்த சிகிச்சை என்றால் அது வேற்றுமை பாராட்டுவதாகும் என்று அவர் கருதினார். இதனைப் பிடிவாதம் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. ஏழைக்கு இது போதும், படியாதவருக்கு இது போதும் என்று சொல்லியே உலகில் எத்தனையோ அநீதிகள் நடந்துள்ளன. அந்தச் சொல்லைத் தாம் சொல்லமாட்டேன் என்று நின்றவர் அவர்.

ஆயினும் அவர் எழுதிய உயர்ந்த மருந்து தாளில் இருந்தது. பிள்ளையின் வயிற்றுக்குள் செல்லவில்லை. வீடு திரும்பிய பின் மருந்துமுறை எளிதாக்கப்பட்டது. பெற்றோரும் அதனை முறையாகக் கொடுத்தனர். இதில் இன்னொரு துயரமும் உண்டு. அந்த மருந்தே பிள்ளையின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துக் கிருமிக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்று பின்னர் ஒரு மருத்துவரே கருதினார். முன்பே எளிதாக்கியிருந்தால் எல்லாம் நன்றாய் முடிந்திருக்கும் என்று நாம் உறுதி கூற முடியாது.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே பாடநூலை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகத்தில் நடத்துவதே சமநீதி என்று நாமும் இளமையில் எண்ணியிருந்தோம். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வாய் திறவாத சிறுவன் ஒருவனை மந்தம் என்று நம் கையாலேயே குறித்து வைத்தோம். அவன் வீட்டில் பேசும் மொழி தெலுங்கு என்பது அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகே தெரிந்தது. அவனைத் தாழ்த்த வேண்டும் என்று நாம் எண்ணியதில்லை. எல்லாரையும் போலவே நடத்தினோம்; அதனாலேயே அவன் பின்தங்கினான். அச்சொல்லை அடித்துத் திருத்தினோம் எனினும், அந்த அரையாண்டை அவனுக்குத் திருப்பித் தர நம்மால் இயலவில்லை.

சேர வேண்டிய இடம் எல்லாருக்கும் ஒன்றாய் இருக்க வேண்டும். செல்லும் வழி ஒன்றாய் இருக்க வேண்டியதில்லை என்பதே இன்று நம் எண்ணம். இந்தப் பிள்ளைக்கு நலம் குறைவாய் இருந்தாலும் போதும் என்பது தாழ்த்துதல். இந்தப் பிள்ளைக்கு அதே நலம் வேறு வழியாகத்தான் வரும் என்பது தகவு. இரண்டும் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால், எதைச் செய்கிறோம் என்று மருத்துவர் தம்மையே வினவிக்கொள்ள வேண்டும். வழியை மாற்றுவதால் எதை இழக்கிறோம் என்பதையும் பெற்றோருக்கு விளங்கும் சொற்களில் முன்கூட்டியே உரைக்க வேண்டும்.

பட்டியல் அறிவு

அப்படியானால் ஒவ்வோர் இனத்தாரின் பழக்கவழக்கங்களையும் மருத்துவருக்குப் பாடமாக நடத்திவிட்டால் போதுமே என்று சிலர் கூறுவர். அமெரிக்காவில் அப்படித்தான் முதலில் பலவிடங்களில் நடந்தது. மோங் மக்கள் இப்படி, மெக்சிகோ நாட்டார் இப்படி, சீனர் இப்படி என்று கையேடுகள் எழுந்தன.

இம்முறையின் குறையை மெலனி டெர்வலான், ஜான் மர்ரே-கார்சியா என்னும் இரு மருத்துவப் பெண்மணிகள் 1998-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எடுத்துக்காட்டினர். ஓக்லாந்து நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களுக்குப் பல்பண்பாட்டுக் கல்வி அளித்த பட்டறிவிலிருந்து எழுந்தது அக்கட்டுரை. அதில் வரும் நிகழ்ச்சி ஒன்று: அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன லத்தீன் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் முனகிக்கொண்டிருந்தார். அவ்வினத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், இவருக்கு மிகுந்த வலி இருப்பதாகத் தெரிகிறதே என்றார். அருகிலிருந்த செவிலியோ அதை ஏற்கவில்லை. இவ்வினத்தார் வலியை மிகைப்படுத்திக் காட்டுவர் என்று தாம் பண்பாட்டுப் பாடத்தில் படித்திருப்பதாகக் கூறிவிட்டார். எதிரில் முனகியவரின் வலியைக் காண ஒட்டாமல் அவர் கண்ணை மறைத்தது, பிறரை அறிந்துகொள்வதற்காகவே அவர் கற்ற பாடம். தெரியாதவராயிருந்தால் கேட்டிருப்பார். தெரியும் என்ற எண்ணம் கேட்க விடவில்லை.

நம்மைப் பற்றி இத்தகைய கையேடு ஒன்று எழுதப்பட்டால் எப்படியிருக்கும் என்று வாசகர்கள் சிறிது எண்ணிப் பார்க்கலாம். சமணர் கிழங்கு உண்ணார். கதிரவன் மறைந்தபின் உணவு கொள்ளார் என்று அதில் இருக்கும். அது பொய்யன்று. ஆனால் ஒரே வீட்டில் பாட்டி இருட்டிய பின் நீரும் அருந்துவதில்லை. பேரன் அலுவலகத்திலிருந்து வந்து இரவு ஒன்பது மணிக்கு உண்கிறான். ஒரு வீட்டில் உருளைக்கிழங்கு வேகிறது. அடுத்த வீட்டில் அது வாசல் தாண்டுவதில்லை. கையேட்டைப் படித்த மருத்துவர், நம் வீட்டுக் குழந்தைக்கு இரவில் கொடுக்க வேண்டிய மருந்தைக் கேளாமலே மாற்றி எழுதினாலும் தவறு. கேளாமலே எழுதாமல் விட்டாலும் தவறு. எங்கள் வீட்டில் எப்படி என்று எங்களைக் கேளுங்கள் என்பதே நாம் அவரிடம் வேண்டுவதாக இருக்கும். மெய்ம்மைக்குப் பல நோக்கு உண்டு என்று சொல்லிப் பழகிய நாம், பிறருக்கும் அதே மதிப்பை அளிக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஓக்லாந்துக் கட்டுரையாளர்கள் இதற்குப் பண்பாட்டுப் பணிவு என்று பெயரிட்டனர். பிறர் பண்பாட்டைக் கற்று முடித்துச் சான்றிதழ் பெறுதல் இயலாது. தன் குறைகளைத் தானே ஆராய்தல் வாழ்நாள் முழுதும் நடைபெற வேண்டும் என்பது அதன் சாரம். நோயாளியின் குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லை என்பதை உணர்ந்து அதனைச் சீர்செய்வதும் அதில் அடங்கும்.

கேட்பது இசைவது ஆகாது

இங்கே ஓர் ஐயம் எழும். எல்லா நம்பிக்கைக்கும் தலைவணங்கினால் குழந்தையின் உயிர் என்னாவது? ஒவ்வொரு நோக்கிலும் ஓர் உண்மை இருக்கலாம் என்பது வேறு; ஒவ்வொரு பொடியும் மருந்தே என்பது வேறு. இரண்டு எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும்.

வியட்நாம் மக்களிடையே, காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகில் தைலம் தடவி நாணயத்தின் விளிம்பால் தேய்க்கும் வழக்கம் உண்டு. அதனால் சிவந்த கோடுகள் தோன்றிச் சில நாளில் மறையும். 1970-களில் அந்நாட்டு ஏதிலியர் அமெரிக்கா வந்தபோது, இக்கோடுகளைக் கண்ட மருத்துவர்கள் பெற்றோர் பிள்ளையை அடித்துத் துன்புறுத்தியதாக ஐயுற்றனர். மருத்துவ இதழ்கள் இதனை விளக்கி எழுத வேண்டியதாயிற்று. இது என்ன என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும் ஐயம் அது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. மெக்சிகோ நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில், பிள்ளைக்குச் செரியாமல் வயிறு கட்டிக்கொண்டால் அசர்கான் என்னும் செம்மஞ்சள் பொடியும், கிரெட்டா என்னும் மஞ்சள் பொடியும் கொடுப்பதுண்டு. இவை ஈயத்தின் கூட்டுப்பொருள்கள். குழந்தையின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க நலவாழ்வுத் துறையினர் இதனைக் கண்டறிந்து எச்சரித்தனர். இங்கே மருத்துவர் இணங்கவே கூடாது. ஆனால் இப்பொடி வீட்டில் இருப்பது அவருக்கு எவ்வாறு தெரியவரும்? நாட்டு மருந்தை எள்ளி நகையாடும் மருத்துவரிடம் எந்தப் பாட்டியும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். வீட்டில் வேறு என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று மதிப்போடு கேட்பவரிடமே பொடியின் பெயர் வெளிப்படும். தீய வழக்கத்தைத் தடுப்பதற்கும் முதலில் செவிசாய்த்தலே வழியாகிறது.

இடையில் நிற்பவர்

மொழி வேறுபட்டவிடத்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவசரத்தில் யார் கிடைத்தாலும் போதும் என்று எண்ணுவது எவ்வளவு கேடு என்பதற்குக் கணக்கே உண்டு. கிளென் ஃபுளோரஸ் என்னும் குழந்தை மருத்துவரும் உடனாய்வாளரும், ஸ்பானிய மொழி பேசும் தாய்மார் பிள்ளைகளோடு மருத்துவரைக் கண்ட 13 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்து, 2003-இல் வெளியிட்டனர். அவற்றில் 396 மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன; சந்திப்பு ஒன்றுக்குச் சராசரி 31. பிழைகளுள் 63 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. முகத்தில் மட்டும் தடவ வேண்டிய களிம்பை உடல் முழுதும் தடவச் சொன்னதும், காதுநோய்க்கு வாயால் உட்கொள்ள வேண்டிய அமாக்சிசிலின் மருந்தைக் காதுகளில் ஊற்றச் சொன்னதும் அவற்றுள் அடங்கும். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைகளில் 53 விழுக்காடும், கிடைத்த ஆளைக் கொண்டு செய்ததில் 77 விழுக்காடும் இவ்வாறு ஊறு விளைக்கத்தக்கவையாக இருந்தன.

அங்ஙனம் மொழிபெயர்த்தவருள் ஒருவர், நோயுற்ற பிள்ளையின் உடன்பிறந்த 11 வயதுக் குழந்தை. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழித்த நமக்கு இது நெஞ்சை உறுத்துகிறது. தாயின் அச்சத்தை மருத்துவருக்கும், மருத்துவரின் கடுஞ்செய்தியைத் தாய்க்கும் சுமந்து செல்லும் பாரம் அந்தத் தோளுக்கு உரியதா? பிழை நேர்ந்து உடன்பிறப்புக்குத் தீங்கு வந்தால் அப்பிள்ளை அதனை எவ்வாறு தாங்கும்? அவசர நிலை தவிர மற்ற வேளைகளில் சிறுவரை இப்பணிக்குப் பயன்படுத்தலாகாது என்று 2016-இல் அமெரிக்க நடுவண் அரசு விதி வகுத்தது நன்று.

இதனைக் கற்பிக்க இயலுமா?

இரக்கம் பிறவியில் வருவது. பாடத்தால் வாராது என்பர் சிலர். ஓரளவு உண்மை. ஆனால் வினவும் பழக்கம் கற்பிக்கக் கூடியது. ஆர்தர் கிளைன்மன் என்னும் மனநல மருத்துவரும் அவருடைய உடன்பணியாளரும் 1978-இல் எழுதிய கட்டுரை ஒன்று, நோயாளியிடம் கேட்கத்தக்க எளிய வினாக்களை வகுத்தளித்தது. இந்நோய் எதனால் வந்தது என்று கருதுகிறீர், ஏன் இப்போது தொடங்கிற்று, எத்தகைய சிகிச்சையை எதிர்பார்க்கிறீர், இதில் உமக்கு மிக அச்சம் தருவது எது என்பன போன்றவை அவை. லியாவின் பெற்றோர் முதல்முறை மருத்துவமனைக்கு வந்தபோது, நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு இவற்றைக் கேட்டிருந்தால் அந்தக் கதவின் ஓசை அன்றே மருத்துவர் செவியில் விழுந்திருக்கும்.

மற்றொரு முறை, திரும்பச் சொல்லக் கேட்டல். “புரிந்ததா?” என்பதை விடுத்து, “நான் தெளிவாகச் சொன்னேனா என்று எனக்கு ஐயம், வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று ஒருமுறை சொல்லுங்களேன்” என்று கேட்பது. இதில் சோதிக்கப்படுபவர் தாய் ஆகமாட்டாள், சொன்னவரே சோதிக்கப்படுகிறார். பயிற்சி ஆசிரியைகளுக்கு நாம் இதனையே வேறு பெயரால் சொல்லி வந்தோம். பிள்ளைக்கு விடை வரவில்லை என்றால் உன் கேள்வியைத் திருப்பிப் பார் என்போம்.

மூன்றாவது, பார்க்கப்படுதல். மூத்தவர் ஒருவர் அறையின் மூலையில் அமர்ந்து, எவ்வளவு நேரம் நீ பேசினாய், எவ்வளவு நேரம் அந்த அம்மாளைப் பேசவிட்டாய் என்று பிறகு எடுத்துரைப்பது. சந்திப்பை ஒளிப்பதிவு செய்து பயிற்சி மருத்துவருக்கே காட்டுவதும் உண்டு. தன் குரலைத் தானே கேட்பதைப் போல் பணிவு தருவது வேறொன்றில்லை. ஆயினும் இவை யாவற்றுக்கும் நேரம் வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம் என்று அளந்து கொடுத்துவிட்டுப் பணிவாக இரு என்று மருத்துவருக்கு அறிவுரை கூறுதல் முறையாகாது. இப்பொறுப்பில் நிறுவனத்துக்கும் பங்குண்டு.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அறியாமை குற்றமாகுமா? உலகில் உள்ள மக்கள் அனைவரையும் எவரும் அறிய முடியாது. ஆதலால் அறியாமை குற்றமாகாது என்றே நாம் கருதுகிறோம். அறியவில்லை என்பதை ஒப்ப மறுப்பதும், கேட்கக்கூடிய இடத்தில் இருந்தும் கேளாதிருப்பதும் குற்றம். வலிமை யாரிடம் கூடுதலோ அவரிடமே கேட்கும் கடமையும் கூடுதல். தலையசைக்கும் தாய்க்கு அக்கடமை இல்லை. எழுதுகோல் வைத்திருப்பவருக்கே உண்டு. மருத்துவருக்குச் சொன்ன இது ஆசிரியருக்கும், அலுவலருக்கும், வீட்டில் மருமகளிடமும் பணியாளிடமும் புரிந்ததா என்று கேட்கும் நம் அனைவருக்கும் பொருந்தும்.

அந்தப் பால் குடிக்கும் குழந்தையைப் பற்றி வாசகர்கள் அறிய விரும்பலாம். பாலை நிறுத்தும் பேச்சே எழவில்லை. தாயும் மருத்துவரும் கலந்து பேசி, உணவுக்குப் பிறகே பால், புட்டியை விட்டுக் கிண்ணத்தில் என்று முடிவு செய்தனர். எத்தனை கிண்ணம் என்பதைத் தாயே வகுத்தாள். அண்மையில் தொலைபேசியில் பேசியபோது நம் பெண்ணிடம் கேட்டோம். மருத்துவர் சொன்ன அளவுக்குப் பால் இன்னும் குறையவில்லையாம்; இரத்தம் மட்டும் சற்றே ஏறியிருக்கிறதாம்.